சாயம் பிடிப்பதும் நிலைப்பதும்: வாசகர் கேள்விகள்

மாதுளை ஓட்டில் மஞ்சள் நிறம் எடுப்பது பற்றிச் சென்ற மாதம் இப்பகுதியில் எழுதியதைத் தொடர்ந்து, வீட்டிலேயே சாயம் தோய்த்துப் பார்த்த வாசகர்கள் பலர் கேள்விகளோடு துணித் துண்டுகளையும் இணைத்து அனுப்பியிருந்தார்கள். துண்டுகளைப் பார்த்தபின் பதில் எழுதுவது எளிதாக இருந்தது. பெரும்பாலானவற்றில் நிறம் அழகாக ஏறியிருந்தது, நிலைக்கத்தான் இல்லை. அதனால் அதைப் பற்றிய கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

வெள்ளைப் பருத்தித் துணியைப் பீட்ரூட் சாற்றில் உப்பும் வினிகரும் சேர்த்துக் காய்ச்சி எடுத்தேன். அருமையான ரோஜா நிறம் வந்தது. இரண்டே சலவையில் வெளிறிப் பழுப்பாகிவிட்டது. நான் எங்கே தவறு செய்தேன்? (ஒரு வாசகி, சேலம்)

உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை. தேர்ந்தெடுத்த பொருள்தான் சரியில்லை. பீட்ரூட்டின் சிவப்புக்குக் காரணமான பீட்டாலெய்ன் என்னும் நிறப்பொருள் நீரில் எளிதில் கரையும், சூட்டிலும் வெயிலிலும் சிதையும், பருத்தி இழையோடு அதற்கு ஒட்டுதலே கிடையாது. செம்பருத்தி, சங்குப்பூ, நாவல்பழம் ஆகியவற்றின் நிறமும் ஏறக்குறைய இப்படித்தான். கையில் பட்டால் கறை படிகிறதே என்பதற்காக அது துணியில் நிலைக்கும் சாயமாகிவிடாது. உப்பும் வினிகரும் சாயத்தைக் கட்டிப்போடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. ஆலைகளில் செயற்கைச் சாயத்தைப் பருத்தியின் பக்கம் தள்ள உப்பு உதவுகிறது. தாவரச் சாயத்தை இழையில் பிடித்து வைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

பெரும்பாலான தாவரச் சாயங்களுக்கும் இழைக்கும் இடையே மூன்றாவது பொருள் ஒன்று வேண்டும். சாயத்தை இழையில் ஊன்றச் செய்வதால் அதைப் பாடநூல்களில் நிறமூன்றி என்கிறார்கள். வீட்டில் பயன்படுத்தத் தக்க, பாதுகாப்பான நிறமூன்றி படிகாரம். ஆனால் பருத்தி தானாகப் படிகாரத்தை நன்றாகப் பற்றிக்கொள்ளாது. முதலில் கடுக்காயின் துவர்ப்புச் சத்தான டானின் இழையில் படிய வேண்டும். அந்த டானின் படிகாரத்தில் உள்ள அலுமினியத்தைப் பிடிக்கும், அலுமினியம் சாயத்தைப் பிடிக்கும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விடுபட்டாலும் நிறம் சலவைத் தண்ணீரோடு போய்விடும்.

செய்முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் உங்களைப் போலவே எழுதியவர்கள் பலர். கடையில் வாங்கும் துணி காடாவானாலும் வெளுத்ததானாலும் அதில் கஞ்சியும் மெழுகுத்தன்மையும் இருக்கும். ஒரு கிலோ துணிக்கு 20 முதல் 30 கிராம் சலவை சோடா போட்டு, துணி தாராளமாக மிதக்கும் அளவு நீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். தூய வெள்ளையாகத் தோன்றிய துணியிலிருந்துகூட வெளிறிய தேநீர் நிறத்தில் அழுக்கு இறங்கும். உலர்ந்தபின் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். சொட்டு உருண்டு நிற்காமல் உடனே உள்ளிழுக்கப்பட வேண்டும்; அதுவரை அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

பிறகு, கொட்டை நீக்கி இடித்த கடுக்காய்த் தூள் 150 முதல் 200 கிராம் வரை எடுத்து, வெதுவெதுப்பான நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டி, துணியை அதில் சில மணி நேரம் அமிழ்த்தி வைத்து, அலசாமல் பிழிந்து உலர்த்த வேண்டும். துணி இப்போது வெளிர்மஞ்சளாகவும் தொட்டால் சற்று மொரமொரப்பாகவும் இருக்கும். ஸ்ரீகாளஹஸ்தியிலும், நம் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கருப்பூரிலும் கலம்காரி எழுதுபவர்கள் கடுக்காயோடு பாலையும் சேர்ப்பது வழக்கம். பாலின் கொழுப்பு, கலம் என்னும் எழுதுகோலால் இழுக்கும் கோடு கசிந்து பரவாமல் தடுக்கிறது. முழுத் துணியையும் தோய்ப்பவர்களுக்குப் பால் தேவையில்லை.

அடுத்து 150 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, வேறொரு பாத்திரத்தில் கரைத்த 20 கிராம் சலவை சோடாவை அதில் சிறிது சிறிதாக ஊற்றுங்கள். பாலைப் போல நுரைத்துப் பொங்கும் என்பதால் பாத்திரம் பெரியதாக இருக்கட்டும். நுரை அடங்கியபின் துணியை இட்டு, இரவு முழுதும் வைத்து, மறுநாள் ஒருமுறை மட்டும் அலசிக்கொள்ளுங்கள். இந்தத் துணி இனி எந்த நல்ல சாயத்துக்கும் ஆயத்தமானது. முதல் முயற்சிக்கு வெங்காயத்தோலைப் பரிந்துரைக்கிறேன். அரைக் கிலோ சருகுத் தோலை ஒரு மணி நேரம் காய்ச்சி வடிகட்டி, அந்த நீரில் துணியை இட்டு, தளதளவென்று கொதிக்கவிடாமல் ஒரு மணி நேரம் சூடேற்றி, அந்த நீரிலேயே ஆறவிடுங்கள். பழுக்கக் காய்ச்சிய பொன்னின் நிறம் கிடைக்கும். அதே துணியை, இரும்பு உப்பான அன்னபேதி 10 கிராம் கரைத்த நீரில் சில நிமிடம் நனைத்தால் பொன்னிறம் கண்ணெதிரே பாசிப்பச்சையாக மாறும். அன்னபேதியை மட்டும் ஒருபோதும் தாராளமாகப் போடாதீர்கள். இரும்பு இழையை அரிக்கும். பழைய கலம்காரித் துணிகள் சிலவற்றில் கறுப்புக் கோடு ஓடிய இடங்களில் மட்டும் துணி இற்று உதிர்ந்திருப்பதற்கு அதுவே காரணம்.

தண்ணீரையும் கவனியுங்கள். நான் இத்தொழிலைக் கற்ற முதல் ஆண்டில், துலுக்கச் செவ்வந்தியில் தோய்த்த பன்னிரண்டு கெஜத் துணி முழுதும் கலங்கிய பச்சையாகிவிட்டது. மூன்று நாள் வேலை வீணான வருத்தத்தோடு காரணம் தேடியபோது, ஆழ்துளைக் கிணற்று நீரில் இருந்த இரும்பே அன்னபேதியின் வேலையைச் செய்திருந்தது தெரிந்தது. அன்றிலிருந்து மஞ்சள் நிறங்களுக்கு மழைநீரைச் சேமித்து வைத்துப் பயன்படுத்துகிறேன்.

சமையல் மஞ்சளில் தோய்த்த துப்பட்டா, கொடியில் காய்ந்த ஒரே வாரத்தில் வெளுத்துவிட்டது. கடுக்காயும் படிகாரமும் முறைப்படி போட்டேனே? (கல்லூரி மாணவி, மதுரை)

மஞ்சளின் குர்க்குமின் நிறமூன்றி இல்லாமலே பருத்தியில் ஏறும். எவ்வளவு முறையாகச் செய்தாலும் வெயிலைத் தாங்காது. சோப்பு நீர் பட்டால் சிவக்கவும் செய்யும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து குங்கும நிறமாவது அதே வேதிமாற்றம்தான். வெயிலில் உடுத்தும் துணிக்கு மஞ்சள் நிறம் வேண்டுமானால் மாதுளை ஓடு, வெங்காயத்தோல், துலுக்கச் செவ்வந்தி ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்துங்கள்.

எங்கள் பகுதியில் அவுரி பயிரிடுகிறார்கள். தழையைப் பறித்து வந்து கொதிக்கவைத்துத் துணியை நனைத்தேன். நீலத்துக்குப் பதிலாக வெளிறிய பச்சைப் பழுப்புதான் வந்தது. (ஒரு வாசகர், திண்டிவனம் அருகில்)

அவுரி மற்றச் சாயச்செடிகளின் வழியில் வராது. அதன் தழையில் நீலம் என்று ஒன்று கிடையாது. நிறமற்ற இண்டிகன் என்னும் பொருள்தான் இருக்கிறது. தழையைத் தண்ணீரில் ஊறவைக்கும்போது அதிலுள்ள நொதிப்பொருள் இண்டிகனை உடைக்கிறது. உடைந்து வரும் பொருள் காற்றோடு கலந்தபின்தான் நீலம் பிறக்கிறது. நீங்கள் தழையைக் கொதிக்கவைத்தபோது, உடைக்க வேண்டிய நொதி சூட்டில் செத்துவிட்டது.

உங்கள் ஊர்ப்பக்கமே தொட்டி வைத்திருப்பவர்கள் இருந்தால் ஒருமுறை போய்ப் பாருங்கள். அறுத்த தழையை வாடவிடாமல் அன்றே தொட்டியில் அடுக்கி, மேலே பாரம் வைத்து, நீர் நிரப்பி இரவு முழுதும் ஊறவிடுவார்கள். மறுநாள் பச்சை கலந்த மஞ்சள் நீரைக் கீழ்த்தொட்டிக்கு இறக்கிச் சில மணி நேரம் அடித்துக் கலக்குவார்கள். நுரை முதலில் வெளுப்பாக எழும்; அடிக்க அடிக்க நீலமேறும். பிறகு கலக்காமல் விட்டால் நீலம் வண்டலாக அடியில் தங்கும். அதைக் காய்ச்சித் துணியில் வடித்து அழுத்திக் கட்டிகளாக அறுத்து நிழலில் உலர்த்தினால் அதுதான் சந்தைக்கு வரும் நீலக்கட்டி. நூற்றுக்கணக்கான கிலோ பச்சைத் தழைக்கு ஒன்றிரண்டு கிலோ கட்டி கிடைத்தால் நல்ல விளைச்சல். சாறு இறங்கிய தழை மீண்டும் வயலுக்கு உரமாகிறது. அவுரி பயறுக் குடும்பத்துச் செடி என்பதால் அதன் வேரும் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கிறது. சாயப்பயிர்களில் மண்ணுக்கு இவ்வளவு உதவும் இன்னொன்றை நான் கண்டதில்லை.

இந்தக் கட்டியைத் தூளாக்கித் தண்ணீரில் போட்டால் மணலைப் போலக் கிடக்கும், கரையாது. காரத்தன்மையுள்ள நீரில், அதன் உயிர்வளியைப் பறித்துக்கொள்ளும் ஒன்றையும் சேர்த்தால்தான் அது மஞ்சள் கலந்த பச்சையாகக் கரையும். நம் பக்கத்துப் பழைய வழக்கப்படி, பானையில் சுண்ணாம்பு நீரோடு வேகவைத்த தகரை விதையைச் சேர்த்து, நாட்கணக்கில் புளிக்கவைப்பார்கள். வீட்டில் செய்து பார்க்க நீலத்தூள் ஒரு பங்கு, நீற்றிய சுண்ணாம்பு இரண்டு பங்கு, பழச்சர்க்கரை (ஃபிரக்டோஸ்) மூன்று பங்கு என்ற கணக்கு எளிது. பழச்சர்க்கரைக்குப் பதிலாக நன்கு கனிந்த வாழைப்பழத்தைக் காய்ச்சி வடித்த நீரையும் பயன்படுத்தலாம். சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் அரிக்கும், கையுறை அவசியம். மேலே செம்பு மினுமினுப்போடு ஏடு படிந்து, அதை விலக்கினால் கீழே நீர் தெளிந்த பச்சைமஞ்சளாகத் தெரிந்தால் பானை பக்குவமாகிவிட்டது. துணியை மெல்ல இறக்கிச் சில நிமிடங்கள் வைத்து வெளியே எடுங்கள். வரும்போது இளம் வாழைக்குருத்தின் நிறத்தில் வரும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரங்களிலிருந்து பச்சையாகி, பின் முழுதும் நீலமாகும். எத்தனை ஆண்டுகள் பார்த்தாலும் அந்த இரண்டு நிமிடங்களில் என்னால் வேறு எதையும் பார்க்க முடிந்ததில்லை. ஒரே தோய்ப்பில் அடர்நீலம் பெற முயன்றால் கையில் ஒட்டும். குறுகிய நேரம் பலமுறை தோய்ப்பதே முறை. கடுக்காயோ படிகாரமோ இதற்கு வேண்டியதில்லை.

நீங்கள் கடிதத்தின் முடிவில், "வெள்ளைக்காரன் வருமுன் இருந்த தூய தொழிலுக்கு நாம் திரும்ப வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆர்வம் எனக்குப் புரிகிறது. ஆனால் தாவரத்திலிருந்து வந்தது என்பதால் மட்டும் ஒரு நிறம் யாருக்கும் தீங்கு செய்யாததாகிவிடாது என்பதை அவுரியின் வரலாறே காட்டுகிறது. வங்காளத்தில் 1859-60இல் விவசாயிகள் அவுரி விதைக்க மறுத்துக் கிளர்ந்தெழுந்தார்கள். பீகாரின் சம்பாரணில் ஒவ்வொரு 20 கட்டா (அப்பகுதியின் நில அளவு) நிலத்திலும் 3 கட்டாவில் தோட்டத்துரைகளுக்காக அவுரி பயிரிட்டே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை எதிர்த்துத்தான் 1917இல் காந்தியடிகள் அங்கே சென்றார். 1897இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின் இந்திய அவுரி வாணிபம் சரிந்தது. இன்று அவுரியை மீட்டெடுப்பவர்கள் பயிரிடுபவருக்கும் தொட்டியில் இறங்கி அடிப்பவருக்கும் உரிய கூலி போய்ச் சேருகிறதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எங்கள் கடற்கரை ஊரில் அந்தக் காலத்தில் சாயவேர் தோண்டி விற்றார்கள் என்று பாட்டி சொல்வார். அது என்ன வேர்? இப்போது கிடைக்குமா? (ஒரு வாசகி, இராமநாதபுரம் மாவட்டம்)

இம்பூறல் என்று சித்த மருத்துவத்தில் சொல்லப்படும் சிறு செடியின் வேர்தான் சாயவேர். மணற்பாங்கான கடலோர நிலத்தில் தரையோடு படர்ந்து வளரும். வேர் மெல்லியதாக, ஆழமாக இறங்கும். அதில் உள்ள அலிசரின், படிகாரம் ஏறிய பருத்தியில் ஆழ்ந்த சிவப்பைத் தரும். சோழமண்டலக் கரையிலிருந்து பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவுக்குப் போன பூத்துணிகளின் சிவப்பு பெரும்பாலும் இந்த வேரின் கொடை. அத்துணிகளின் மோகத்தால் தங்கள் நெசவாளர்கள் நலிவார்கள் என்று அஞ்சிப் பிரான்சு 1686இல் அவற்றைத் தடை செய்தது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் இயற்றியது. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இந்த வேர் டச்சுக்காரர்களுக்கு வருவாய் தரும் பொருளாக இருந்தது. 1869இல் செயற்கை அலிசரின் விற்பனைக்கு வந்தபின் தோண்டுவோருக்கு வேலை இல்லாமல் போயிற்று.

ஒரு சேலைக்கு வேண்டிய அளவு சாயவேர் சேர்ப்பது இன்று எளிதல்ல. காட்டுச் செடியை வேரோடு பிடுங்கச் சொல்லவும் எனக்கு மனமில்லை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மஞ்சிட்டி அதற்கு நெருங்கிய சிவப்பைத் தரும்; சாயநீரில் சிட்டிகை சுண்ணாம்பு சேர்த்தால் நிறம் தெளியும். உங்கள் ஊரில் மஞ்சணத்தி மரத்தைக் கட்டடம் கட்ட வெட்டினால், அதன் வேர்ப்பட்டையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் பழைய சிவப்புகளில் ஒன்று. உங்கள் பாட்டியிடம் வேரை எப்போது தோண்டினார்கள், எப்படி உலர்த்தினார்கள் என்று கேட்டு எழுதி வைக்கும்படியும் வேண்டிக்கொள்கிறேன்.

திருப்பூர் முழுவதும் இயற்கைச் சாயத்துக்கு மாறினால் நொய்யல் ஆறு மீண்டுவிடும் அல்லவா? (பின்னலாடைத் தொழிலாளர், திருப்பூர்)

ஆம் என்று சொல்ல ஆசைதான். கணக்கு இடம் தரவில்லை. ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோ வெங்காயத்தோல் என்று மேலே சொன்னேன். பல சாயங்களுக்குத் துணியின் எடைக்குச் சமமான எடையில் தாவரப்பொருள் வேண்டும். ஒரு நகரத்தின் ஏற்றுமதிக்கு அந்த அளவு பட்டையும் வேரும் திரட்டத் தொடங்கினால் காடும் விளைநிலமும் தாங்காது. அவற்றைக் காய்ச்ச எரிபொருளும் அலச நீரும் வேறு.

நொய்யலைக் கெடுத்தது நிறத்தைவிட உப்பு. பருத்திக்குப் பயன்படும் ஆலைச் சாயத்தில் அடர்நிறமானால் ஒரு லிட்டர் சாயநீருக்கு 50 முதல் 100 கிராம் வரை உப்புச் சேர்க்கிறார்கள். அது துணியில் தங்காமல் முழுதும் கழிவோடு போகிறது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமானதும், விவசாயிகள் நீதிமன்றம் சென்றதும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் சாய, சலவை ஆலைகள் மூடப்பட்டதும் நீங்கள் நேரில் கண்டவை. கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியே விடாமல் மீட்டுப் பயன்படுத்துவது என்ற விதியைப் பிசகாமல் கடைப்பிடிப்பதே நொய்யலுக்கு மருந்து. இயற்கைச் சாயத்தின் இடம் கைத்தறியிலும், பல ஆண்டுகள் வைத்து உடுத்தப்படும் துணிகளிலும், சிறு பட்டறைகளிலும் இருக்கிறது. அங்கே அது நன்றாகவே வாழ முடியும்.

சிறு பட்டறைக்கும் பொறுப்பு உண்டு. நிறம் பளிச்சென்று வருவதற்காகப் பொட்டாசியம் டைகுரோமேட்டைச் சேர்த்துவிட்டு இயற்கைச் சாயம் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. சிலர் நிறமூன்றியாகப் போடும் செம்பு உப்பான மயில்துத்தம் குளத்து மீன்களைக் கொல்லும். இந்த இரண்டையும் என் பட்டறைக்குள் விடுவதில்லை. படிகார நீரையோ வீணாகக் கொட்டாமல், குறைந்துபோன அளவுக்கு மட்டும் புதிதாகச் சேர்த்துப் பலமுறை பயன்படுத்தலாம்.

கடையில் இயற்கைச் சாயச் சேலை என்று இரட்டை விலை சொல்கிறார்கள். உண்மைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (ஒரு வாசகி, சென்னை)

கடையில் நின்றபடி உறுதியாகச் சொல்லும் வழி கிடையாது. வீட்டில், உள்முந்தியின் ஓரத்து நூல்கள் சிலவற்றை எடுத்து எலுமிச்சைச் சாற்றிலும் சலவை சோடா நீரிலும் தனித்தனியே நனைத்துப் பாருங்கள். தாவரச் சாயங்கள் பலவும் ஏதாவது ஒன்றில் சற்றேனும் நிறம் மாறும். ஆலைச் சாயங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. நீலத்துக்கு இந்தச் சோதனை பயன்படாது, ஏனெனில் அவுரி நீலமும் செயற்கை நீலமும் ஒரே மூலக்கூறு. கரிமக் காலக்கணிப்பு போன்ற ஆய்வகச் சோதனையால்தான் ஒன்று செடியிலிருந்தும் மற்றது பெட்ரோலியத்திலிருந்தும் வந்தவை என்று பிரித்தறிய முடியும்.

அதைவிட விற்பவரிடம் கேட்பது பயன்தரும். இந்தச் சிவப்பு எதிலிருந்து வந்தது, நிறமூன்றி என்ன, எப்படித் துவைப்பது என்று கேளுங்கள். தோய்த்தவரை அறிந்த வியாபாரி தயங்காமல் பதில் சொல்வார். உடுத்தினால் நோய் தீரும் என்று சொல்பவரிடம் அந்தக் காரணத்துக்காக வாங்காதீர்கள். வாங்கியதைப் பூந்திக்கொட்டை நீரிலோ காரம் குறைந்த சோப்பிலோ அலசி, நிழலில் உலர்த்துங்கள். எலுமிச்சை, புளி பட்டால் உடனே நீரில் அலசிவிடுங்கள்.

சாயம் காய்ச்சிய பாத்திரத்தைச் சமையலுக்குப் பயன்படுத்தலாமா? எல்லாமே செடிதானே? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

கூடாது. படிகாரமும் அன்னபேதியும் செடியல்ல. செடிகளிலும் உண்ணத்தகாதவை உண்டு. சாயத்துக்கென்று ஒரு எவர்சில்வர் பாத்திரம், கரண்டி, வடிகட்டித் துணி ஆகியவற்றைத் தனியே ஒதுக்கி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இரும்புச் சட்டியும் அலுமினியப் பாத்திரமும் தாமே நிறமூன்றியாக வேலை செய்து நிறத்தை மாற்றிவிடும் என்பதால் அவற்றை வாங்காதீர்கள்.